வெல்லத் திருடி

"வாயத் தொற அக்கா. ஒரே ஒரு கரண்டி."

லூயிஸ் கஞ்சிக் கரண்டியை அக்காவின் உதட்டருகே நீட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தான். கஞ்சி ஆறிப் போய் ஆடை கட்டிவிட்டது. ஃப்ளோரா வாயை இறுக மூடிக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்தாள். இதயம் வீங்கிவிட்டது என்று டாக்டர் கைவிட்டு, காலெல்லாம் நீர் கோத்து, நேற்றுச் சாயங்காலம் ஞானாதிக்கம் சாமியார் வந்து சாகக் கிடப்பவர்களுக்கு இடும் அவஸ்தைத் தைலம் பூசியும் ஆயிற்று. இனி நடக்க வேண்டியது என்ன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்காகக் கஞ்சி கொடுப்பதை நிறுத்திவிட முடியுமா?

"அம்மா சொல்ற மாதிரி சொல்லட்டா? கட்டுமரம் வருது, கரை எங்கேன்னு?"

மூடிய உதட்டின் ஓரம் லேசாக நெளிந்தது.

"நீ சொன்னா எனக்குச் சிரிப்பு வரும்டா. கஞ்சி மூக்குல ஏறிடும். ஃப்ளோரா சிரிச்சே செத்தாள்னு சாந்தோம் பூரா பேசும்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மேல்மூச்சு வாங்கிவிட்டது. லூயிஸ் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவள் நெஞ்சை நீவிவிட்டான்.

அந்தக் கட்டுமரம்தான் ஒரு மாதமாக அவனைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

லூயிஸ் தமிழ் வாத்தியார். பையன்கள் கட்டுரையில் ஒரு காற்புள்ளி விட்டுப் போனால்கூட அவன் கண்ணுக்குத் தப்பாது. போன வருஷம் அவன் ஒரு நாவல் எழுதி, கச்சேரி ரோட்டில் ஓர் அச்சாபீஸில் கொடுத்துப் புத்தகமாகவும் போட்டுவிட்டான். கடலோரத்து வீடொன்றில் வாழ்ந்து மறைந்த ஒரு தாயின் கதை. அந்தத் தாய் அவனுடைய தாய் அருளம்மாள்தான். அவனுக்கு நாலு வயதாகும்போது அவள் போய்விட்டாள். படம் எடுத்து வைக்கும் வசதியோ வழக்கமோ அந்தக் குடும்பத்தில் அப்போது இல்லை. தாயென்று அவனிடம் மிஞ்சியது ஒரே ஒரு நினைவு. பொழுது சாயும் நேரம், விளக்கேற்றாத பின்கட்டு. நீலக் கட்டம் போட்ட புடவை, தலையை மூடிய முந்தானை. ஒரு கை மீன்முள்ளைப் பொறுக்கி எடுத்த சோற்றை உருட்டி உருட்டிக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு உருண்டையும் ஒரு கட்டுமரம். "கட்டுமரம் வருது, கரை எங்கே?" என்று குரல் கேட்டதும் அவன் ஆவென்று வாயைத் திறப்பான். கடைசி உருண்டைக்குள் மட்டும் ஒரு துண்டு வெல்லம் இருக்கும். இவ்வளவுதான். முகம் நினைவில் இல்லை. நாவலில் அந்த முகத்தை அவனே கற்பனையாகப் போட்டுக்கொண்டான்.

முதல் அத்தியாயமே அந்தச் சோறூட்டல்தான். அதைப் படித்த பெண்களெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "தாயைப் பற்றி இப்படி யாரும் எழுதினதில்லை" என்று தலைமையாசிரியர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாவலில் ஓர் அக்காவும் வருகிறாள். சிடுசிடுப்புக்காரி, பானையிலிருந்து வெல்லம் திருடி அப்பாவிடம் பிரம்படி வாங்குகிறவள். மூன்றாம் அத்தியாயத்தில் வாசகர்கள் சிரிப்பதற்காக அவளை வைத்திருந்தான்.

ஃப்ளோராவுக்குக் கண் மங்கல் என்பதால் லூயிஸின் மனைவி வெரோனிகா தினமும் மத்தியானம் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டினாள். முழுவதும் கேட்டு முடித்த அன்று ஃப்ளோரா தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "அம்மாவைப் பீடத்துல ஏத்தி வச்சுட்டே, சந்தோஷம். என்னை ஏண்டா வெல்லத் திருடியா ஆக்கினே? என் கல்லறைக் கல்லுலயும் அப்படியே வெட்டிடுவியோ?" சொல்லிவிட்டு நாள் முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வரும்போது பழைய கம்பவுண்டர் பிலிப் வழிமறித்தார். அருளம்மாளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் அந்தக் காலத்தில் மருந்து கலக்கிக் கொடுத்தவர்.

"நாவல் படிச்சேம்பா. ஜோரா இருக்கு. ஆனா உங்கம்மா உனக்கு எங்கே சோறு ஊட்டினா? உன்னைப் பெத்த கையோட க்ஷயம் கண்டுடுச்சே. பிள்ளையைக் கிட்ட விடக்கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டாரே. கதைதானே, பரவாயில்லை" என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். தட்டிய இடம் இன்னும் வலிக்கிறது.

அந்த நினைவு பொய்யென்றால் லூயிஸுக்குத் தாயே இல்லை. அவ்வளவுதான் விஷயம். நாவல் கிடக்கட்டும், கறையானுக்குக்கூட ஆகும். உண்மையைச் சொல்ல உலகத்தில் மீதியிருந்தது ஃப்ளோரா ஒருத்திதான். அவளோ கேட்கும்போதெல்லாம் வேறெதையாவது பேசினாள்: மழை வருமா, பால்காரன் தண்ணீர் கலக்கிறானா, வெரோனிகா உன் சட்டைக்குப் பொத்தான் தைக்கலையா என்று.

கொல்லைப் பக்கம் கூடையை இறக்கும் சத்தம் கேட்டது. மீன்காரி கெங்கம்மா. சாமி கும்பிடுவது அங்காளம்மனை என்றாலும், தபசு காலம் எப்போது பிறக்கும், எந்தெந்த நாள் கறி ஆகாது என்பதெல்லாம் கோயில் உபதேசியாரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். கறி ஆகாத நாளில்தானே மீன் விற்கும்! முப்பது வருஷமாக ஃப்ளோராவோடு சண்டை போட்டு மீன் விற்றவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்து கட்டிலோரம் குந்தினாள்.

"இன்னா ஃப்ளோராம்மா, வெள்ளிக்கெழம அதுவுமா இப்டி படுத்துக்கினு கீறே? என்கூட பேரம் பேச ஆளே இல்ல."

"நீ ஏமாத்தறதுக்குத்தான் வெரோனிகாவை விட்டுட்டுப் போறேனே."

"அது பேரமே பேச மாட்டேங்குது. கேட்டதக் குட்த்துட்டுப் போய்க்கினே கீது. எனுக்கே சங்கட்டமா கீது." கெங்கம்மா சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. ஃப்ளோராவின் வீங்கிய பாதத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு எழுந்து போனாள்.

அவள் போனதும் லூயிஸ் கட்டிலில் நெருங்கி உட்கார்ந்தான். இப்போது விட்டால் இல்லை என்று தெரிந்தது. கேட்கவும் வெட்கமாக இருந்தது. சாகப்போகிறவளிடம் தன் கதையைக் கேட்கிறோமே என்று.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. அம்மா எனக்குச் சோறு ஊட்டினாங்களா, இல்லையா?"

ஃப்ளோரா அவனை வெகுநேரம் பார்த்தாள். மங்கிய கண்தான், ஆனால் பார்வையில் பழைய குறும்பு அப்படியே இருந்தது.

"வயிறு நெறஞ்சுதா, இல்லையா?"

"நெறஞ்சுது."

"அப்புறம் என்னடா கேள்வி?"

கண்ணை மூடிக்கொண்டாள். கோயிலில் மத்தியானத் திரிகால மணி அடித்தபோது வெரோனிகா ஜெபமாலையோடு உள்ளே வந்தாள். மணி அடித்து ஓய்ந்தது. ஃப்ளோராவின் மூச்சும் அதற்குச் சற்றுப் பின்னால், யாரையும் தொந்தரவு செய்யாமல், நின்று போயிருந்தது. லூயிஸ் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தான். வெரோனிகாதான் அதை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தாள். அதன் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.

துக்கமணி அடித்ததும் மாதா சபைப் பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவி தெரேசம்மாள். சாவு வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். கல்யாணம் ஆகாமல் செத்தவளுக்கு வெள்ளைப் புடவை கட்டி, தலையில் கிரீடம் மாதிரி வெள்ளைக் காகிதப் பூமுடி வைத்துத்தான் எடுப்பது வழக்கம். இரண்டையும் அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். லூயிஸ் கூடத்தில் வந்தவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் உயர்ந்தது.

"வெரோனிகா, உனக்கென்ன பைத்தியமா? கன்னியா செத்தவளுக்குக் கட்டம் போட்ட புடவையா? ஆயிரம் கிழிசல் வேற. வாத்தியார் வீட்டுல ஒரு நல்ல புடவைக்கு வழியில்லையான்னு கேக்க மாட்டாங்க?"

"அவங்க ஆசைங்க. எங்கிட்டச் சொல்லி வச்சிருக்காங்க. இதைக் கட்டித்தான் அனுப்பணும்னு."

"எனக்குத் தெரியாம என்ன ஆசை? கூப்பிடு உன் புருஷனை."

லூயிஸ் போய் வாசற்படியில் நின்றான். வெரோனிகாவின் கையில், பல தடவை துவைத்து வெளுத்து, மடிப்பில் இற்றுப்போன ஒரு புடவை இருந்தது. நீலக் கட்டம்.

நாற்பது வருஷத்துக்கு அப்பால் பின்கட்டில் பார்த்த அதே நீலம். அப்படியொரு புடவை வீட்டுக்குள்ளேயே, அக்காவின் தகரப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது.

"அது அம்மா புடவை" என்றான்.

"ஆமா" என்றாள் வெரோனிகா.

"அம்மா புடவை அக்காவுக்கு எதுக்கு?"

வெரோனிகா தெரேசம்மாளை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு அவனைச் சமையற்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். சாவு விழுந்த வீடு, அடுப்பை அணைத்துத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஈரச் சாம்பல் நாறியது.

"உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. அவங்க இருக்கற வரைக்கும்தான் சத்தியம்னு நானா வச்சுக்கிட்டேன்."

"சொல்லு."

"பிலிப் சொன்னது நெசந்தாங்க. டாக்டர் உங்களை அம்மா கிட்ட விடக்கூடாதுன்னுட்டார். பின்கட்டுல ஒரு தட்டி வச்சு மறைச்சு, அந்தப் பக்கம் அம்மாவைப் படுக்க வச்சிருந்தாங்க. நீங்க அம்மா வேணும்னு அழுது, யார் குடுத்தாலும் சாப்பிடாம ஒடம்பு வத்திப் போயிட்டீங்களாம். அப்புறம் அக்காதான் அம்மா புடவையில ஒண்ணை எடுத்துச் சோடா உப்புப் போட்டு வேகவச்சு, காயவச்சு, அதைக் கட்டிக்கிட்டு, முகம் தெரியாம முக்காடு போட்டுக்கிட்டு, விளக்கேத்தறதுக்கு முன்னாடி உக்காருவாங்களாம். இவங்க உருண்டையைக் கொண்டுவரப்போ, தட்டிக்கு அந்தப் பக்கத்துலேருந்து அம்மா சொல்லுவாங்களாம், கட்டுமரம் வருது, கரை எங்கேன்னு. இருமல் வந்தா வாயில துணியை அடைச்சுக்குவாங்களாம், உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு. அக்காவுக்கு அப்போ பதினாலு வயசு."

லூயிஸ் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"குரல் அம்மாவோடது. கை அவங்களோடது" என்றாள் வெரோனிகா. "நாவல்ல அந்த இடத்தை எத்தனை தடவை வாசிக்கச் சொன்னாங்க தெரியுமா? ஒவ்வொரு தடவையும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க, அப்புறம் அழுவாங்க. நான்தான் விடாம நச்சரிச்சு விஷயத்தை வாங்கினேன். உங்ககிட்டச் சொல்லிடலாமேன்னு அவங்ககிட்டக் கேட்டேன். அவனுக்கு அம்மான்னு இருக்கறது அந்த ஒரு வாய்ச் சோறு, அதையும் நான் பிடுங்கிக்கவான்னாங்க."

மாடத்தில், இடுப்பளவு உயரத்தில், வெல்லப் பானை எப்போதும் இருக்கும் இடத்தில் இருந்தது. லூயிஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வெல்லம்?" என்றான்.

"அவங்க எடுத்ததுதான். உங்க அப்பாவுக்குத் தெரியாம. கடைசி உருண்டைக்கு."

முதல் அத்தியாயத்தில் கடைசி உருண்டைக்குள் வெல்லம் வைத்தவன் அவன். மூன்றாம் அத்தியாயத்தில் பானையிலிருந்து வெல்லத்தைக் காணாமல் போகச் செய்தவனும் அவன். எழுதினான், படியெடுத்தான், அச்சுப் பிழை திருத்தினான். காற்புள்ளி விட்டால் கண்டுபிடிக்கிற வாத்தியாருக்கு இந்த வெல்லம் அந்த வெல்லம்தான் என்று கடைசி வரை தோன்றவில்லை. பிரம்படியை எவ்வளவு வேடிக்கையாக எழுதியிருந்தான்! பறங்கிமலையிலிருந்து ஒரு நல்ல வரன் வந்தபோது, "இவன் சாப்பாட்டை யார் பாக்கறது?" என்று அக்கா தட்டிக் கழித்ததைக்கூட, அவளுடைய முன்கோபத்துக்கு ஒரு சான்றாகத்தான் நாவலில் சேர்த்திருந்தான். அவனுக்குத் தன்மேல் வெறுப்பாக வந்தது. அதையும் மீறி, தாய் பொய்யில்லை, இரண்டு பேராக இருந்திருக்கிறாள் என்று நெஞ்சுக்குள் ஓர் இதமும் பரவியது.

வெளியே வந்து தெரேசம்மாளிடம், "நீலத்தையே கட்டுங்க. பூமுடியையும் வைங்க" என்றான். கட்டம் போட்ட புடவைக்கு வெள்ளைப் பூமுடி கோயில் கொடிமரத்தில் தலைப்பாகை கட்டின மாதிரி இருக்கும் என்று அவள் முணுமுணுத்தாள். ஆனால் கட்டி முடித்துப் பார்த்தபோது ஃப்ளோராவுக்கு அது பொருந்தித்தான் இருந்தது. தெரேசம்மாளே முக்காட்டை ஒரு தடவை சரிசெய்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் காலை பெட்டி மூடும் நேரம். ஞானாதிக்கம் சாமியார் கறுப்பு மேலங்கியோடு வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். "கடைசியா முத்தி செய்யறவங்க செய்யலாம்" என்றார். பெண்கள் வரிசையாகக் குனிந்து நெற்றியில் உதட்டை ஒற்றி முத்தி செய்தார்கள். கெங்கம்மா மட்டும் கதவோரமாகவே நின்றாள். புடவைத் தலைப்பில் ஒரு முடிச்சு.

முந்தின நாளே அவள் வெரோனிகாவிடம் கேட்டுப் பார்த்திருந்தாள். "எங்கள்ல பெத்த புள்ள வாய்க்கரிசி போடாம எட்க்க மாட்டோம். ஃப்ளோராம்மாக்குப் புள்ள ஏது? நான் போட்டுக்கட்டா?" வெரோனிகா நடுங்கிப் போனாள். வாய்க்கரிசி போடுவது அஞ்ஞானம், அதைச் செய்கிற வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னவர். கெங்கம்மாவும் வற்புறுத்தவில்லை. ஆனால் கொண்டுவந்த அரிசியை எறியவும் மனம் வராமல் முடிந்தே வைத்திருந்தாள்.

தச்சன் மூடியைத் தூக்கினான்.

"கொஞ்சம் இருங்க" என்று லூயிஸ் சமையற்கட்டுக்குள் போனான். பானையில் கைவிடுகிற சத்தம் கூடம் வரை கேட்டது. திரும்பி வந்தபோது அவனுடைய வலது கை மூடியிருந்தது. நேரே கதவோரம் போய் அந்தக் கையைக் கெங்கம்மாவின் முன் விரித்தான். அதில் ஒரு துண்டு வெல்லம் இருந்தது.

"அரிசியைக் குடு கெங்கம்மா."

கெங்கம்மா அவனையும் சாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "புள்ளதான் போடணும், வாத்தியாரே."

"தெரியும். குடு."

அவள் முடிச்சை அவிழ்ப்பதற்குள் அவளுக்குக் கண்ணீரில் கண் தெரியாமல் போய்விட்டது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள். தெரேசம்மாள் சாமியார் முகத்தைப் பார்த்தாள். ஞானாதிக்கம் சாமியார் தடுத்துச் சொல்ல வாயெடுத்தார். நீலப் புடவையைப் பார்த்தார், வாத்தியாரின் உள்ளங்கையிலிருந்த வெல்லத்தைப் பார்த்தார். பிறகு தீர்த்தச் செம்பில் ஏதோ தூசி விழுந்துவிட்டதுபோல் அதைக் கையிலெடுத்துக்கொண்டு, சன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று ஆராயத் தொடங்கினார்.

லூயிஸ் பெட்டியருகே மண்டியிட்டான். அக்காவின் வாய் நேற்றுக் கஞ்சிக்கு மூடிய மாதிரியே இறுக மூடியிருந்தது. அவன் குனிந்து, அரிசியையும் வெல்லத்தையும் விரல்நுனியில் எடுத்து, மெதுவாக அந்த உதட்டுக்குக் கொண்டுபோய் வைத்தான். அவன் உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்பது பக்கத்தில் நின்ற வெரோனிகாவுக்கு மட்டும் கேட்டது. அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

சாமியார் திரும்பியபோது பெட்டி மூடியிருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் மணல் பூமி. குழிக்குள் பெட்டியை இறக்கினதும் எல்லோரும் ஆளுக்கொரு பிடி போட்டார்கள். லூயிஸ் இடது கையால் அள்ளிப் போட்டான்.

"வலது கையால போடுப்பா, முறைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்று பக்கத்திலிருந்த பிலிப் முழங்கையை இடித்தார்.

லூயிஸ் காதில் விழாதவன்போல் இன்னொரு பிடியையும் இடது கையாலேயே அள்ளினான். வெல்லப் பிசுபிசுப்பு ஒட்டிய வலது கை மூடியபடியே இருந்தது. எங்கிருந்தோ ஏறிவந்த ஓர் எறும்பு அந்த விரல்களின்மேல் வழி தேடி ஊர்ந்துகொண்டிருந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை.